சேற்றில் தப்பி, தாரில் உடைந்த வண்டி

போன டிசம்பரில், பெரும்பாறை மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் பிக்கப்பின் முன் புரொபல்லர் ஷாஃப்ட், அதாவது இன்ஜின் விசையை முன் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு, நல்ல தார் ரோட்டில் உடைந்து தொங்கியது. அதே நாள் காலையில் அதே வண்டி அச்சு வரை சேற்றில் புதைந்து, ஒரு மணி நேரம் திணறி வெளியே வந்திருந்தது. அப்போது ஒரு நட்டுகூடக் கழலவில்லை.

"சேத்துல உடையாதது ரோட்டுல எப்படிண்ணே உடையும்?" என்று டிரைவர் தம்பி கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை. அப்புறம் மெக்கானிக்கோடு உட்கார்ந்து, நோட்டில் வட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. போர் வீலை, அதாவது நான்கு சக்கரமும் சேர்ந்து தள்ளுகிற இழுவையை, நாங்கள் போட வேண்டிய இடத்தில் போடவில்லை, எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில்.

வண்டியும் வழியும்

எங்கள் தோட்டம் கீழ்ப் பழனி மலையில், பெரும்பாறைக்கும் தாண்டிக்குடிக்கும் இடையே, தார் ரோட்டை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே மேட்டில் இருக்கிறது. காப்பி, ஊடே மிளகு, கொஞ்சம் மலைவாழை. பழத்தோலை நீக்கி ஓட்டோடு காயவைத்த பார்ச்மென்ட் காப்பி, கீழே பட்டிவீரன்பட்டிக்குப் போகும். காப்பிப் பழம் பறிக்கிற காலமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருவது இந்த மலையின் தலையெழுத்து. காய்ந்த காப்பியை மழை ஈரத்தில் அதிக நாள் வைத்திருக்க முடியாது. திரும்ப ஈரம் இழுத்து நிறம் மங்கிவிடும். அதனால் மழை கொஞ்சம் விட்டதும் வண்டியை எடுத்தாக வேண்டும்.

வண்டி பழையதாக வாங்கிய டீசல் பிக்கப். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி. அதில் 2எச், 4எச், நியூட்ரல், 4எல் என்று நான்கு நிலை. 2எச்சில் பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும். 4எச்சில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும், விசையை இரண்டு அச்சுக்கும் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்குள், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். 4எல்லும் அதே பூட்டுதான், ஆனால் கூடுதலாக ஒரு பல்சக்கர இறக்கம் உண்டு. வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறையும், இழுக்கிற பலம் அதே அளவு கூடும்.

இந்தப் 'பூட்டு' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியான விபத்துக்கு அதுதான் காரணம்.

பின் டயர் இரண்டும் புதிது. முன் டயர் இரண்டும் நன்றாகத் தேய்ந்தவை. நான்குமே ரோட்டுக்கான கோடு போட்ட டயர்கள், சேற்றைப் பிடிக்கிற பட்டன் டயர் இல்லை. காசை மிச்சம் பிடிக்கப் பின்னால் மட்டும் மாற்றியது நான்தான். அதற்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது.

காலை: சேறு

மூன்று நாள் மழைக்குப் பிறகு தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குக் காலி வண்டியாக ஏறினோம். காலி பிக்கப்பைப் போல சேற்றுக்கு ஆகாத வண்டி வேறு இல்லை. இன்ஜின் கனம் முழுக்க முன்னால் இருக்கிறது, தள்ளுகிற சக்கரமோ பின்னால், மேலே சுமை இல்லாமல். சுமைக்காகக் கட்டிய கெட்டியான பட்டை ஸ்பிரிங் வேறு காலி வண்டியைத் துள்ள வைக்கும். டயர் காற்றும் ஒரு டன் சுமைக்கு அடித்த கல் காற்று.

தம்பி 2எச்சிலேயே ஏற்றினான். "மாட்டினா போட்டுக்கலாம்ணே" என்றான். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் போர் வீலை இப்படித்தான் நினைக்கிறார்கள், ஏதோ ஆம்புலன்ஸ் மாதிரி. பலாமரத்தைத் தாண்டிய ஏற்றத்தில் வால் இடதுபக்கம் சரிந்தது. மழைநீர் அரித்த ஓடையில் பின் இடது சக்கரம் இறங்கியது. அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான். செம்மண் களி டயர் கோடுகளை அடைத்து, டயர் மொட்டை வழுக்கையாகி, அரை நிமிடத்தில் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் குட்டிக் கம்பியை 4எச்சுக்குத் தள்ளினான். நான் கீழே இறங்கி நின்று பார்த்தேன். முன் வலது சக்கரம் சுற்றியது, பின் இடது சக்கரம் சுற்றியது, மற்ற இரண்டும் அசையவில்லை. நான்கு சக்கர வண்டிக்குக் காசு கொடுத்தவனுக்கு அது ஒரு விநோதமான காட்சி. காரணம் டிஃபரன்சியல். ஒவ்வொரு அச்சிலும் அது சுலபமாகச் சுற்றுகிற சக்கரத்துக்கே சுழற்சியை விட்டுக்கொடுக்கும். ஒரு சக்கரம் பிடிப்பே இல்லாமல் சுற்றினால், மறுபக்கத்துச் சக்கரத்துக்கும் அந்த வழுக்கலைக் கடக்கத் தேவையான சொற்ப விசைதான் கிடைக்கும். ஆக, ஒரு அச்சின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற டிஃபரன்சியல் லாக் இல்லாத வண்டியில் போர் வீல் என்பது மோசமான நேரத்தில் இரண்டு சக்கரம்தான், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. புழுதியிலும் லேசான சேற்றிலும் அது போதும். ஒரு மூலை ஓடையில் தொங்கினால் போதாது.

வெளியே எடுத்த விதம் சாதாரணமானது. மிதிப்பதை நிறுத்தினோம். நான்கு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண்வெட்டியால் சரிவாக வெட்டினோம். முன்னே போகப் பார்க்காமல், வந்த தடத்திலேயே பின்னால் வர முடிவு செய்தோம். டயரே ஏற்கெனவே அழுத்திக் கெட்டியாக்கிய தரை அது. பழைய சாக்கு, சில்வர் ஓக் மரத்துக் கிளை, கல் எல்லாம் போட்டு, வண்டியை நிறுத்திய நிலையில் கிளட்சை அழுத்தி 4எல்லுக்கு மாற்றினோம். 4எல்லுக்கு வண்டி நின்றாக வேண்டும், ஓட்டத்தில் போட்டால் பல் அரைபடும். கைப்பிரேக்கை இரண்டு பல் ஏற்றினோம். சும்மா சுற்றுகிற பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் தடை கொடுத்தால், எதிர்ப்பக்கத்துச் சக்கரத்துக்கும் விசை போகும். ஆக்சிலேட்டரை ஏறக்குறைய தொடாமலே வண்டி ஊர்ந்து வெளியே வந்தது.

காற்றைக் குறைத்திருந்தால் பாதி வேலைதான் இருந்திருக்கும். 20, 25 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் தட்டையாகி நீளமாகப் பதியும். ஆனால் திரும்ப அடிக்கக் கையில் கம்ப்ரசர் இல்லை. குறைந்த காற்றோடு 800 கிலோ ஏற்றிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க முடியாது. அதனால் தொடவில்லை.

கயிறு கட்டி இழுக்கிற நிலை வரவில்லை. வந்திருந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. டிரெய்லர் மாட்டுகிற உருண்டைக் கொக்கியில் கயிறு கட்டவே கூடாது. கொக்கி உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும்.

தார் ரோட்டில் நடந்தது

களத்தில் 16 மூட்டை ஏற்றினோம். இறக்கத்தில் 4எல், முதல் கியர், காலைப் பிரேக்கிலிருந்தும் கிளட்சிலிருந்தும் எடுத்துவிட்டு, இன்ஜினே பிடித்து இறக்கியது. அந்தப் பகுதியில் தம்பி குறையே சொல்ல முடியாதபடி ஓட்டினான். பலாமரத்தடியில் நிறுத்தி 4எச்சுக்கு மாற்றினான். தார் ரோடு ஏறினோம்.

தூறல், பனிமூட்டம். "ரோடு ஈரமா இருக்கு, இருக்கட்டும்ணே, புடிப்பா இருக்கும்" என்றான். காலையில் பட்ட பாட்டில் நானும் சரி என்று சொன்னேன். இந்தச் 'சரி'தான் ஷாஃப்ட்டை உடைத்தது என்று இப்போதும் நம்புகிறேன்.

முதல் வளைவில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததில் ஸ்டியரிங் கெட்டியானது, வளைத்துப் பிடித்தால் திரும்ப நேராக வர அடம்பிடித்தது. மூன்றாவதில் முன்பக்கம் டக், டக் என்று குதித்தது. யாரோ உள்ளேயிருந்து பிரேக்கைத் தட்டித் தட்டி விடுவது போல. தம்பி 2எச்சுக்கு எடுக்கப் பார்த்தான். கம்பி வரவில்லை. நிறுத்திப் பார்த்தான், கிளட்சை மிதித்துப் பார்த்தான். வரவில்லை. "கீழ போயிப் பாத்துக்கலாம்" என்று இரண்டு பேரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். அடுத்த குறுகலான வளைவில் படார் என்று சத்தம், தொடர்ந்து வண்டிக்கு அடியில் இரும்பு அடிக்கிற ஓசை.

நல்லவேளையாக ஓரத்தில் இடம் இருந்தது. சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் ஷாஃப்ட்டை இணைக்கிற சிலுவை வடிவ இரும்பு, யூ.ஜே. கிராஸ், இரண்டாகப் போய், முன் ஷாஃப்ட் ஒரு முனையில் தொங்குகிறது. தம்பி சும்மா குட்டிக் கம்பியைத் தொட்டான். வெண்ணெயில் கத்தி போல 2எச்சுக்கு வந்தது! கால் மணி நேரம் முன்பு இரண்டு கையாலும் இழுத்து வராதது.

அதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு. கம்பி பழுதாகவில்லை. எதுவோ முறுக்கிப் பிடித்திருந்தது, உடைந்ததும் முறுக்கு விட்டது.

நோட்டுக் கணக்கு

வத்தலக்குண்டிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் அரை மணி நேரத்தில் முன் ஷாஃப்ட்டை முழுதாகக் கழற்றிப் பின்னால் போட்டார். பின்சக்கர இழுவைக்கு அது தேவையில்லை என்பதால் வண்டி தானாகவே கீழே இறங்கியது. கிராஸைக் கையில் உருட்டிக்கொண்டே, "கிரீஸ் பாத்து எத்தன மாசம் ஆச்சு தம்பி?" என்று என்னைக் கேட்டார். கிராஸ் வறண்டு கிடந்தது உண்மைதான். அதன்மேல் பழியைப் போட்டுவிட்டால் எங்கள் இருவருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் அந்த வறண்ட கிராஸ் காலையில் 4எல்லின் முழு இழுப்பையும் தாங்கியதே.

வண்டி வளையும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகும், பின்சக்கரங்கள் அதற்கு உள்ளே சிறிய வட்டத்தில் போகும். மாட்டு வண்டியோ லாரியோ திரும்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்சக்கரம் மூலையை வெட்டிக்கொண்டு வரும். கொண்டை ஊசி வளைவில் பின் அச்சின் நடு 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது, வண்டியின் அச்சு இடைவெளி 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன் அச்சின் நடு 6.7 மீட்டர் ஆரத்தில் திரும்பும். அரைவட்டத்துக்குப் பின் அச்சு 18.85 மீட்டர் போகிறது, முன் அச்சு 21.07 மீட்டர். வித்தியாசம் 2.2 மீட்டர். எங்கள் டயர் ஒரு சுற்றுக்கு உருள்வது 2.35 மீட்டர். அதாவது ஒரே வளைவில் முன்சக்கரம் ஏறக்குறைய ஒரு சுற்று அதிகம் சுற்ற வேண்டும். ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்பதால், ஷாஃப்ட் கணக்கில் நான்கு சுற்று பாக்கி.

2எச்சில் இந்தப் பாக்கி யாருக்கும் தெரியாது, முன்சக்கரம் தன் பாட்டுக்கு உருளும். 4எச்சில் இரண்டு ஷாஃப்ட்டும் பூட்டியிருக்கின்றன. இடது வலது சக்கரங்களின் வித்தியாசத்தைத் தீர்க்க அச்சில் டிஃபரன்சியல் இருக்கிறது, முன் பின் அச்சுகளின் வித்தியாசத்தைத் தீர்க்க எங்கள் வண்டியில் எதுவும் இல்லை. சேற்றில் அந்த வேலையை மண் செய்கிறது. டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கை நேர் செய்துவிடும். தாரில் வழுக்காது. நாங்கள் ஈரத்தை நம்பினோம், ஆனால் 800 கிலோ ஏற்றிய டயருக்கு அந்த ஈரம் ஒரு பொருட்டே இல்லை. விசை போக இடமில்லாமல் ஷாஃப்ட்டிலும் பல்லிலும் முறுக்காக ஏறியது. பல்லோடு பல் இறுகியதால் கம்பி வரவில்லை. கடைசியில் கிராஸ் கொடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிருந்தால் செலவே வேறு. அந்த வகையில் வறண்ட கிராஸ் எங்களைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம்.

தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டான்: "லெப்ட்ல வளைச்சது ரைட்ல வளைச்சா சரியாகிடாதா?" ஆகாது. எந்தப் பக்கம் வளைந்தாலும் முன்சக்கரத்துக்குத்தான் தூரம் அதிகம். பாக்கி கூடிக்கொண்டே போகும். குறைக்க ஒரே வழி பின்னால் வருவது. ரிவர்ஸில் முன்சக்கரம் எதிர்த்திசையில் அதிகம் சுற்ற வேண்டும், அதனால் முறுக்கு அவிழும். மூன்றாவது வளைவில் கம்பி வராதபோது, சில மீட்டர் மெதுவாக ரிவர்ஸ் எடுத்திருந்தால், இல்லை ஓரத்து மண்ணில் ஒரு பக்கத்துச் சக்கரங்களை இறக்கி உருட்டியிருந்தால், கம்பி தானாக வந்திருக்கும்.

இனி என் பங்கு. பின்னால் புது டயர், முன்னால் தேய்ந்த டயர். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் அது சின்ன விஷயமாகத் தெரியும். 375 மில்லிமீட்டர் ஆரத்துக்கு அது 1.3 சதவீதம். பூட்டிய வண்டி நேராகவே ஒரு கிலோமீட்டர் போனாலும் 13 மீட்டர் பாக்கி. அதுவும் வளைவு சேர்க்கிற அதே திசையில், ஏனென்றால் தேய்ந்த முன் டயருக்குத்தான் அதிகச் சுற்று வேண்டும். வளைவுகளுக்கு நடுவே வந்த நேர்ப்பாதைகள்கூட எங்களுக்கு ஓய்வு தரவில்லை.

ஈரத் தாரில் போர் வீல் ஏன் வேண்டாம்

முறுக்கு ஒருபுறம் இருக்கட்டும். அன்று 4எச்சால் எங்களுக்கு என்ன லாபம்? நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். தேவைப்பட்டது தள்ளுகிற விசை இல்லை, நிற்கிற பிடிப்பு. 2எச்சில் ஓடுகிற வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கும். போர் வீல் போட்டதால் டயருக்குப் புதிதாக ஒரு பிடிப்பும் வராது. மாறாக, முன் பின் அச்சுகள் பூட்டியிருந்தால், பிரேக்கில் சக்கரம் நின்று வழுக்காமல் காக்கிற ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பார்த்து விடுவதும் கடினமாகும். இறக்கத்துக்கு வேண்டியது தாழ்ந்த கியரும் பொறுமையும். பனியிலும் மழையிலும் 'போர் வீல் இருக்கு' என்ற தைரியத்தில் ஐந்து கிலோமீட்டர் வேகம் கூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது.

எல்லா வண்டியும் இப்படியில்லை. மிட்சுபிஷி டிரைட்டனில் சில மாடல்களுக்கு வரும் 'சூப்பர் செலக்ட்', டொயோட்டா லேண்ட் குரூசரின் பெரிய வண்டிகள் போன்றவற்றில் முன் பின் அச்சுகளுக்கு நடுவிலும் ஒரு டிஃபரன்சியல் உண்டு. அதைப் பூட்டாதவரை தாரிலும் நான்கு சக்கரத்தில் ஓட்டலாம். இந்தியாவில் 2016-இல் வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022-இல் வந்த ஹைலக்ஸ் இரண்டிலும் கம்பிக்குப் பதில் திருகுகிற குமிழ் இருக்கிறது. குமிழ் வந்துவிட்டதால் சிலர் அதை வேறு தினுசு என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது எங்கள் வண்டியில் இருக்கிற அதே பூட்டுதான். ஓடும்போதே 2எச்சிலிருந்து 4எச்சுக்கு மாற்றலாம் என்பதை, தாரில் ஓட்டலாம் என்று படித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வண்டி எந்த ரகம் என்று சந்தேகமாக இருந்தால் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். அது தொலைந்துபோயிருந்தால், கெட்டியான காய்ந்த மண் தரையில் 4எச் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். இழுத்துப் பிடித்துத் திணறினால் எங்கள் ரகம்.

இப்போது

முன் டயர் இரண்டையும் மாற்றிவிட்டேன், நான்கும் ஒரே ரகம். 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று சீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. கிரீஸ் மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. வெயில் காலத்தில் போர் வீலுக்கு வேலையே இல்லை என்றாலும், மாதம் ஒருமுறை தோட்டத்து மண்ணில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுகிறோம். முன் அச்சிலும் எண்ணெய் ஓட வேண்டும், கம்பியும் துருப்பிடிக்கக் கூடாது. மழை நாளில் காலியாக ஏறும்போது, பின் அச்சுக்கு நேர் மேலே மூன்று மணல் மூட்டையைக் கட்டிப் போடுகிறோம்.

முக்கியமான மாற்றம் பலாமரம். மண் தொடங்கும் இடம் அது. ஏறும்போது அங்கே நின்று, ஸ்டியரிங்கை நேராக வைத்து, சேறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 4எச். டேஷ்போர்டில் போர் வீல் விளக்கு மினுக்குவது நின்று நிலையாக எரிந்த பிறகே நகர வேண்டும். நல்ல மழை நாளில் ஏற்றத்துக்குக் கீழேயே 4எல். இறங்கும்போது அதே மரத்தடியில், தார் ஏறுவதற்கு முன், 2எச். கம்பி இறுகினால் மண்ணிலேயே நான்கடி ரிவர்ஸ். தம்பி இப்போது மரத்தடி வந்ததும் எனக்குக் கேட்கும்படி "எடுத்தாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் தாரில் ஏற்றுகிறான்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஏற்றத்தின் நடுவே 100 மீட்டருக்குச் சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். அதன் மேல்முனையில் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் சேறு, நடுவில் மட்டும் காய்ந்த சிமெண்ட். நேர்ப்பகுதியில் 4எச்சை எடுக்க வேண்டியதில்லை என்பதில் இருவருக்கும் சம்மதம். வளைவில் எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்பது அவன் கட்சி. அந்த ஏற்றத்தில் நின்றால் திரும்பக் கிளம்புவது கஷ்டம், முடிந்தவரை அகலமாக வளைத்து, மெதுவாகத் தாண்டிவிட்டால் அடுத்த பத்து மீட்டர் சேறு முறுக்கை அவிழ்த்துவிடும் என்பது என் கட்சி. மெக்கானிக் அண்ணனிடம் கேட்டோம். "ரெண்டு பக்கமும் மண்ணு இருக்குல்ல, போ" என்றார். தம்பிக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அந்த வளைவு வந்தால் குட்டிக் கம்பியின் மேல் கையை வைத்தபடியேதான் தாண்டுகிறான்.